காயைச் சொன்னவர்களும் இலையை எடுத்தவர்களும்



அயோத்திதாசப் பண்டிதரின் நினைவாக நிகழும் இந்தப் பொழிவில் ஒரு செடியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பண்டிதரை இதழாசிரியராக, பௌத்தராக, சாதியின் வேரைத் தேடிய சிந்தனையாளராக நாம் நினைவில் வைத்திருக்கிறோம். 1907 முதல் 1914 வரை அவர் நடத்திய 'தமிழன்' இதழைப் பற்றி ஆய்வேடுகள் வந்திருக்கின்றன. ஆனால் அவருடைய அன்றாடத் தொழில் வைத்தியம். ராயப்பேட்டையில் அவர் சித்த மருத்துவராக இருந்தார். இளமையில் முடங்கிக் கிடந்த திரு.வி.க.வுக்கு மருந்து கொடுத்து எழுப்பியவர் அவர். திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்புகளில் இதை நன்றியோடு பதிவு செய்திருக்கிறார். சென்னைக்கு வருமுன் நீலகிரியில் வாழ்ந்த காலத்தில் அங்கிருந்த மலைமக்களோடும் பண்டிதருக்குப் பழக்கம் இருந்தது. ஆகவே மலை, மருந்து, அறிவு யாருடையது என்ற வழக்கு ஆகிய மூன்றும் இந்த மேடைக்குப் புறம்பானவை அல்ல.

நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஆரோக்கியப்பச்சை. தாவரவியலில் ட்ரைக்கோபஸ் சிலானிக்கஸ். ஓர் அடிக்குமேல் வளராத சிறு செடி. ஓடைக்கரை நிழலில், சருகு மக்கிய மண்ணில் இருக்கும். மெல்லிய காம்பின் தலையில் ஒற்றை இலை. பூவும் காயும் அந்த இலையின் அடியில் ஒளிந்திருக்கும். காய்க்கு மூன்று விளிம்பு. தாவரவியலார் இன்று இதைக் காச்சில், கவலை முதலிய கிழங்குகளின் குடும்பத்திலேயே சேர்க்கிறார்கள். நம் வீட்டுத் தோட்டத்துக் காச்சிலுக்கு இது ஒருவகையில் உறவு. இலங்கையிலும் இந்தச் செடி உண்டு. ஆனால் இதைக் களைப்புக்கு மருந்தாக அறிந்தவர்கள் என்று உலகம் பேசுவது அகத்தியமலையைச் சுற்றி வாழும் காணி மக்களைத்தான். அவர்கள் வாயில் இதற்குச் 'சாத்தான் களஞ்சா' என்று பெயர். விவிலியத்துச் சாத்தானை இங்கே கொண்டுவந்து குழப்பிக்கொள்ள வேண்டாம். மலையாள வழக்கில் சாத்தன் ஒரு தெய்வ ஆவி.

காணி என்ற பெயரிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. காணி என்றால் நிலம், நிலத்தின் மீதுள்ள பரம்பரை உரிமை. 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளும் காணிக்காரர் என்பதற்கு நிலத்தின் பரம்பரை உரிமையாளர் என்றே பொருள் சொல்கின்றன. நம் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் பத்துகாணி, ஆறுகாணி என்று ஊர்கள் இருக்கின்றன. பெயரில் நிலத்தைச் சுமக்கும் இந்த மக்கள் பட்டாவுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர்கள். திருவிதாங்கூர் அரசு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காடுகளைச் சட்டம் போட்டு ஒதுக்கியபோது காணி, தன் காட்டிலேயே அனுமதி கேட்டு நிற்பவரானார். ஓணத்துக்குத் தேனும் மலைப்பொருளும் எடுத்துக்கொண்டு திருவனந்தபுரம் அரண்மனைக்குப் போகும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. அதை ராஜபக்தி என்று ஆண்டுதோறும் பத்திரிகைகள் படம் போடுகின்றன.

நாஞ்சில் நாடு என்று நாம் பெருமையோடு சொல்லும்போது தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் நினைவுக்கு வருகின்றன. வயல், குளம், தேர், தாமரை. அந்த வயல்களில் உழைத்த நம் மூதாதையர் 1855 வரை சட்டப்படியே அடிமைகள். அந்த வயலுக்குத் தண்ணீர் வரும் மலைப்பக்கம் கல்குளம், விளவங்கோடு. பேச்சிப்பாறை, கோதையாறு, தச்சமலை, கடையால் என்று காணிக் குடியிருப்புகள் அங்கேதான். நாஞ்சில் வரலாறு எழுதியவர்கள் வயலில் நின்றவரையே சரியாகப் பார்க்கவில்லை. மலையில் நின்றவரைப் பார்த்திருப்பார்களா? அகத்தியரைப் பார்த்தார்கள். வட்டத்துக்கே அவர் பெயர் வைத்தார்கள். பொதிகையில் உட்கார்ந்து மருந்து கண்டவர் அவர் என்று ஏடு ஏடாக எழுதினார்கள். மருந்துவாழ்மலைக்கு அனுமன் தூக்கிவந்த சஞ்சீவி மலையின் துண்டு என்று கதை சொன்னார்கள். முனிவரும் குரங்கும் மருந்து கொண்டுவந்தார்களாம். அதே மலைச்சரிவில் தலைமுறை தலைமுறையாகக் காயைக் கடித்துப் பார்த்து, எது கொல்லும் எது காக்கும் என்று கற்றுக்கொண்ட மனிதர் அந்தக் கதையில் இல்லை. காணிகளும் அகத்தியரைத் தங்கள் குருவாகக் கும்பிடுகிறார்கள் என்பதை மறைக்கக் கூடாது. கும்பிடுகிறவர்களுக்குக் கதையில் இடம் இல்லை என்பதுதான் நாம் சொல்வது.

இனி நடந்ததைச் சொல்வோம்.

1982இல் மத்திய அரசு பழங்குடிகளின் தாவர அறிவைத் தொகுக்க ஒரு பெரிய ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் ஒருங்கிணைப்பாளர் பி. புஷ்பாங்கதன். 1987 டிசம்பரில் அவருடைய குழு அகத்தியமலைக் காட்டில் ஏறியது. வழிகாட்டிகள் காணி இளைஞர்கள். மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி ஆகியோரின் பெயர்கள் பதிவில் உள்ளன. ஏற்றத்தில் ஆய்வாளர்கள் மூச்சிரைத்து உட்கார, வழிகாட்டிகள் ஏதோ சிறு காயை அவ்வப்போது வாயில் போட்டுக்கொண்டு சளைக்காமல் நடந்தார்கள். கேட்டால் முதலில் சொல்லவில்லை. அது வெளியாருக்குச் சொல்லக் கூடாத விஷயம். வற்புறுத்திக் கேட்டு, தவறாகப் பயன்படுத்தமாட்டோம் என்று உறுதி கொடுத்த பிறகு செடியைக் காட்டினார்கள்.

இந்தக் காட்சியைப் பாடநூல்கள் இனிமையான கண்டுபிடிப்புக் கதையாகச் சொல்கின்றன. நாம் இரண்டு இடத்தில் நிற்க வேண்டும். முதலாவது, காணி வழக்கில் மருந்தறிவுக்குப் பொறுப்பானவர் பிலாத்தி. கொக்கரையை உரசி, பாட்டுப் பாடி நோய் தீர்ப்பவர் அவர். ஊர்த்தலைவர் மூட்டுக்காணி வேறு, பிலாத்தி வேறு. மருந்தை வெளியே சொல்லும் அதிகாரம் பிலாத்திக்கு இருந்தது. கூலிக்கு வழிகாட்டப் போன இளைஞருக்கு இல்லை. அந்த இளைஞர்களைக் குற்றம் சொல்ல நாம் வரவில்லை. அதிகாரியும் படித்தவரும் சேர்ந்து நின்று கேட்கும்போது கூலிக்கு வந்தவர் எத்தனை முறை மறுக்க முடியும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும்.

இரண்டாவது, அவர்கள் காட்டியது காயை.

1988இல் ஆய்வாளர்கள் இந்தச் செடியைப் பற்றி எழுதினார்கள். காணிகளின் ஜின்செங் என்று பெயர் சூட்டினார்கள். கொரியாவின் புகழ்பெற்ற வேரோடு ஒப்பிட்டால்தான் நம் மலைச்செடிக்கு மதிப்பு. பிறகு பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்துக்குப் புஷ்பாங்கதன் இயக்குநரானார். அங்கே எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். களைப்பைத் தாங்கும் திறன், கல்லீரலைக் காக்கும் தன்மை, நோயெதிர்ப்பு என்று பல பலன்கள் சொல்லப்பட்டன. ஆய்வில் காயைவிட இலை முன்னுக்கு வந்தது. காய் சிறிது, இலை நிறைய. செடியைப் பிடுங்காமல் இலையைத் திரும்பத் திரும்பப் பறிக்கலாம். தொழிலுக்கு இலைதான் தோதானது. இலையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. நான்கு சரக்கில் காணிகளின் செடி ஒரு பங்கு.

இதைக் கவனியுங்கள். காணிகள் பல தலைமுறை தின்றது பச்சைக் காய், அதுவும் ஒரு சில. மலை ஏறும்போது, பசியும் களைப்பும் உள்ளபோது. கடைக்கு வந்தது உலர்ந்த இலை, வேறு மூன்று சரக்குகளோடு, நாள்தோறும் எடுத்துக்கொள்ளும் தூளாக. தலைமுறை தலைமுறையாகப் பழங்குடிகள் பயன்படுத்தியது, ஆகவே பாதுகாப்பானது என்று விளம்பரம் பேசும்போது அந்தப் 'பயன்படுத்தியது' என்ற சொல்லுக்குள் காய் இலையாக மாறியிருக்கிறது, ஒரு சில நாள் தினந்தோறுமாக மாறியிருக்கிறது, நடப்பவர் உட்கார்ந்திருப்பவராக மாறியிருக்கிறார். காயின் பாதுகாப்புக்குக் காணிகளின் உடல் சாட்சி. இலைத்தூளுக்கு அந்த உடல் சாட்சியல்ல. அதற்கு வேறு சோதனை வேண்டும். எலியில் நஞ்சு தெரியவில்லை என்பது ஒரு தொடக்கம். கர்ப்பிணிக்கு, முதியவருக்கு, வேறு மருந்து உண்பவருக்கு என்ன ஆகும் என்பது எலியிடமிருந்து கிடைக்கும் விடை அல்ல.

ஜீவனியில் சேர்த்த அமுக்கராவையே எடுத்துக்கொள்வோம். எல்லோரும் அறிந்த சரக்கு. அஸ்வகந்தா என்று இன்று உலகமெங்கும் மாத்திரையாக விற்கிறது. அதை எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. 2023இல் டென்மார்க் அதைத் தடை செய்தது. அமுக்கரா நஞ்சு என்று நாம் சொல்லவில்லை. பாலில் அவித்து, சுத்தி செய்து, இன்ன நோய்க்கு இத்தனை நாள் என்று வைத்தியர் கொடுத்தது வேறு. சாறெடுத்துச் செறிவாக்கி, மனஅழுத்தத்துக்கு என்று தானே வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வேறு.

பச்சிலை என்றால் பக்கவிளைவு கிடையாது என்ற பேச்சு நம் மேடைகளிலும் கேட்கிறது. நம் வேலியோரத்துச் செங்காந்தளைப் பாருங்கள். தமிழ்நாட்டின் மாநில மலர். நம் மாவட்டத்தில் மேந்தோன்னி என்பார்கள். கலப்பை போன்ற அதன் கிழங்கில் கால்கிசின் என்ற கடும் நஞ்சு. மூட்டுவாத நோய்க்கு அதே கால்கிசின் மருந்து. மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கம் விதைக்காகவே பயிரிட்டு ஏற்றுமதி செய்கிறார்கள். கிழங்கைத் தின்று செத்தவர்களும் உண்டு. அதே கிழங்கைப் பழைய மருத்துவச்சிகள் அரைத்து உடம்பின்மேல் பூசினார்கள், உள்ளே கொடுக்கவில்லை. 'உள்ளே கொடுக்காதே' என்பதும் மருத்துவ அறிவுதான். எந்த உறுப்பு, எப்போது, எவ்வளவு, யாருக்குக் கூடாது என்ற நான்கும் சேர்ந்ததுதான் நாட்டுமருந்து. செடியின் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தவர் அந்த நான்கையும் மலையிலேயே விட்டுவிட்டு வருகிறார். அவற்றைச் சுமந்திருந்த மருத்துவச்சியை, பிலாத்தியை, பண்டிதரைப் போன்ற நாட்டு வைத்தியரைத் தகுதியற்றவர் என்று ஒதுக்கிய சமூகம், அவர்கள் கொடுத்த செடிக்கு மட்டும் சான்றாக அவர்கள் பழமையைக் காட்டுகிறது. நமக்குக் கோபம் வருவது இங்கேதான்.

கதைக்குத் திரும்புவோம். 1995 நவம்பரில் ஜீவனி தயாரிக்கும் உரிமை கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்குப் போனது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய். ஏழு ஆண்டுக்கு விற்பனையில் 2 சதவீதப் பங்கு. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று நிறுவனம் முடிவு செய்தது. அப்படிக் கொடுக்கச் சொல்லும் சட்டம் அன்று இந்தியாவில் இல்லை. 1992ஆம் ஆண்டின் பல்லுயிர் உடன்படிக்கை மட்டும் இருந்தது. எனவே இதைச் சிறிய செயல் என்று தள்ளிவிட முடியாது. மற்ற நிறுவனங்கள் நன்றி என்ற சொல்லைக்கூடச் செலவழிக்காத காலம் அது. 1997 நவம்பரில் கேரள காணி சமுதாய நல அறக்கட்டளை பதிவானது. 1999இல் 5 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட தொகை அதன் கணக்குக்குப் போனது. 2002இல் ஜோகன்னஸ்பர்க் உலக மாநாட்டை ஒட்டி ஐ.நா.வின் பரிசும் வந்தது. உலகப் பல்கலைக்கழகங்களில் பலன் பகிர்வுக்கு முதல் முன்மாதிரியாக இன்றும் இதைப் பாடம் நடத்துகிறார்கள்.

பாடத்தில் குறைவாக வரும் செய்திகள் சில. 1995 செப்டம்பரிலேயே விதுர பகுதியைச் சேர்ந்த ஒன்பது பிலாத்திகள் கேரள முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். எங்கள் அறிவைத் தனியார் நிறுவனங்களுக்கு விற்காதீர்கள் என்பது அதன் பொருள். ஆய்வு நிறுவனத்தோடு தொடர்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் குற்றிச்சல் பகுதிக் காணிகள். விதுர, பெரிங்ஙமலைக் காணிகள் வெளியே நின்றார்கள். ஒரே மக்களுக்குள் பங்கு பெற்றவர், பெறாதவர் என்று கோடு விழுந்தது. சுமார் 50 குடும்பங்கள் செடியைப் பயிரிட ஊக்குவிக்கப்பட்டன. ஆனால் ஒதுக்கப்பட்ட காட்டிலிருந்து இலை பறித்து விற்பதை வனத்துறை தடுத்தது. அச்செடி தன் இயல்பான காட்டு நிலத்துக்கு வெளியே வளர்ந்தால் மருந்துக் குணம் குறைகிறது என்பதும் தெரியவந்தது. அறிவுக்குப் பங்கு கிடைக்கும், செடியைத் தொட உரிமை கிடைக்காது என்ற விசித்திர நிலை. வேண்டியது காடு. காட்டுரிமைச் சட்டம் வர 2006 ஆக வேண்டியிருந்தது. இதற்கிடையில் ஜீவனி என்ற பெயரை அமெரிக்காவில் ஒரு நிறுவனம் தன் வணிகக்குறியாகப் பதிவு செய்துகொண்டது. இங்கே எடுத்த காப்புரிமையின் எல்லை இந்தியாவோடு முடிந்துவிடுகிறது.

இதில் நம் மாவட்டம் எங்கே என்று கேட்பீர்கள். அறக்கட்டளையின் பெயரிலேயே விடை இருக்கிறது: கேரள காணி. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தன. அந்த நாளை நாம் கொண்டாடுகிறோம். கொண்டாடத்தான் வேண்டும், அதற்காக ரத்தம் சிந்தியிருக்கிறது. ஆனால் மொழிவழியாகப் போட்ட கோடு, காணிகளின் மலைக்கு நடுவே போனது. தமிழும் மலையாளமும் கலந்து பேசும் ஒரே மக்கள், ஒரே அகத்தியமலை, ஒரே சாத்தான் களஞ்சா. கோட்டுக்கு மேற்கே இருந்தவர் கேரளக் காணி. இந்தப் பக்கம் பேச்சிப்பாறையிலும், வடக்கே பாபநாசத்துக்கு மேலே சேர்வலாறு, இஞ்சிக்குழியிலும் இருந்தவர் தமிழகக் காணி. அறக்கட்டளையில் இவர்களுக்கு இடமில்லை. கோடு போட்டவர்கள் காணிகளிடம் கேட்டுப் போடவில்லை.

தமிழக அரசின் பழங்குடிப் பட்டியலையும் பாருங்கள். காணிக்காரர் என்ற பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஊர் எழுதியிருக்கிறது: கன்னியாகுமரி மாவட்டம், பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் செங்கோட்டை, அம்பாசமுத்திரம் வட்டங்கள். வட்டத்தின் எல்லை தாண்டினால் காணி காணியல்ல. பட்டியல் சாதிச் சான்றிதழுக்கு நாம் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாம் காணிகளின் பிரதிநிதிகள் அல்ல. அவர்கள் பழங்குடிகள், நாம் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள். வரலாறு வேறு. அவர்களுடைய வழக்கை நம் கையில் எடுத்துக்கொண்டால் 1987இல் நடந்ததையே வேறு விதமாகச் செய்தவர்களாவோம். ஆயினும் ஒரு முறைமையை இரு தரப்பும் அறியும். நம் கையில் இருந்தபோது அது மூடநம்பிக்கை, ஏட்டில் ஏறியபின் அது சாஸ்திரம். ஆரோக்கியப்பச்சைக்கும் அது நடந்தது. செடி உலகுக்குத் தெரிந்த சில ஆண்டுகளில், சுசுருதர் சொன்ன தெய்வ மூலிகைகளில் ஒன்றான வாராகி இதுதானோ என்ற வாதம் ஆய்வாளர்களிடையே எழுந்தது. காணிகள் காயைக் கையில் வைத்துக் காட்டிய பிறகும், பெயரை வடமொழி ஏட்டில் தேடிப் போனார்கள்.

இது வெறும் பெருமைச் சண்டை என்று எண்ண வேண்டாம். 2002இல் இந்தியாவுக்குப் பல்லுயிர்ச் சட்டம் வந்தது. பாரம்பரிய அறிவைப் பயன்படுத்தி வணிகம் செய்பவர் அந்த மக்களோடு பலனைப் பகிர வேண்டும் என்றது. அதன்பின் 2023இல் திருத்தம் வந்தது. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏடுகளில் தொகுக்கப்பட்ட பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துவோருக்குப் பலன் பகிர்விலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். ஆக, வாய்வழி அறிவு என்றால் பங்கு கொடுக்க வேண்டும். அதே செடி ஏட்டில் இருக்கிறது என்று நிறுவிவிட்டால் வேண்டாம். இனிமேல் ஏதாவதொரு மலைச்செடியை ஒரு சுலோகத்தோடு இணைத்துக் காட்டுவதற்குப் பணமதிப்பு உண்டு. சட்டம் படிக்கும் மாணவர்கள் இந்தத் திருத்தத்தை வரி வரியாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இன்று இணையத்தில் ஆரோக்கியப்பச்சைப் பொடி என்று உறையில் போட்டு விற்கிறார்கள். உள்ளே இருப்பது அந்தச் செடிதானா, எந்த மண்ணில் வளர்ந்தது, எந்த உறுப்பு என்பதை உறையைப் பார்த்து அறிய வழியில்லை. வாங்க வேண்டாம் என்பதே நம் கருத்து. உண்மையான செடியாக இருந்தால் அது காட்டிலிருந்து பிடுங்கப்பட்டிருக்கக் கூடும். வேறு செடியாக இருந்தால் அது என்ன செய்யும் என்று பிலாத்திக்கும் தெரியாது, மருத்துவமனைக்கும் தெரியாது.

பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். கடையாலுக்கும் பேச்சிப்பாறைக்கும் அது பொருந்தும். அந்தப் பதிவேடு எழுதும் பணியில் நம் மாணவர்கள் சிலர் உதவ விரும்புவதாகச் சொன்னார்கள். போகலாம். செடியின் பெயரோடு எந்த உறுப்பு, எப்போது, எவ்வளவு, யாருக்குக் கூடாது என்ற நான்கையும் கேளுங்கள். கேட்பதற்குமுன் எதற்காகக் கேட்கிறோம், எழுதினால் யார் படிக்கக்கூடும் என்பதைச் சொல்லுங்கள். பிலாத்தி சொல்ல மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். அந்தப் பக்கத்தை வெற்றாக விட்டுவிட்டு, மறுத்தார் என்று மட்டும் தேதியோடு எழுதி வாருங்கள்.